பேப்பர்ல "சம்பந்தமில்லை"னு விளம்பரம் கொடுத்தா வாரிசு உரிமை போயிடுமா?

"சார், அப்பா இறந்துட்டார். எனக்குச் சொத்து எதுவும் வேண்டாம். ஆனா ஒரு பத்திரத்துல கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்றாங்க. போடலாமா?"

சிங்கப்பூரிலிருந்து வந்த போன் இது. பேசியவர் திண்டிவனத்துப் பெண். 31 வயது, ஐடி வேலை. அவருக்குப் பத்து வயசு இருக்கும்போது அப்பா வீட்டை விட்டுப் போனவர்தான். சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி விழுப்புரத்தில் இன்னொரு கல்யாணம், இன்னொரு குடும்பம், இரண்டு பிள்ளைகள் என்று இருந்துவிட்டார். அம்மாவும் மகளும் திண்டிவனத்தில் வாடகை வீட்டில். கோர்ட், விவாகரத்து எதுவும் கிடையாது. பேச்சு நின்றுபோனது, அவ்வளவுதான். மகள் தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டபோது அப்பா ஒரு தினசரியில் விளம்பரம் கொடுத்திருக்கிறார்: இன்று முதல் எனக்கும் அவளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, என் சொத்தில் அவளுக்குப் பாத்தியதை இல்லை.

இப்போது சித்தப்பா வாட்ஸ்அப்பில் ஒரு விடுதலைப் பத்திரத்தின் பிடிஎஃப் அனுப்பியிருக்கிறார். கூடவே அந்தப் பழைய விளம்பரத்தின் போட்டோ. "உனக்கு எப்படியும் உரிமை இல்லம்மா, சும்மா ஒரு ஃபார்மாலிட்டிக்குத்தான். உங்க அம்மாவையும் ஒரு கையெழுத்துப் போடச் சொல்லு."

உரிமை இல்லாதவங்ககிட்ட எதுக்குங்க கையெழுத்து? நான் அவரிடம் முதலில் கேட்டது இதைத்தான்.

(யாரென்று தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். நம்ம சேனலில் இதே மாதிரி கேள்விகள் துபாய், டொராண்டோ என்று எல்லாப் பக்கமிருந்தும் வருது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதிடறேன்.)

விளம்பரத்தின் மதிப்பு

பூஜ்யம். பேப்பர்காரருக்குக் கட்டின காசு போச்சு, அவ்வளவுதான்.

இந்து ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால் அவர் சொத்து யாருக்குப் போகும் என்பதை 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் சொல்கிறது. யாருக்கு உரிமை கிடையாது என்பதையும் அதே சட்டம்தான் சொல்கிறது. சொத்துக்காரரைக் கொலை செய்தவர் வாரிசாக முடியாது (பிரிவு 25). மதம் மாறியவருக்கு உரிமை உண்டு; ஆனால் மாறிய பிறகு பிறந்த பிள்ளைகள், தாங்களும் இந்துவாக இல்லாவிட்டால், இந்து உறவினர் சொத்தைக் கேட்க முடியாது (பிரிவு 26). நோய், ஊனம் எதுவும் தடையில்லை (பிரிவு 28). "அப்பாவோடு பேசாதவர்", "காதல் கல்யாணம் செய்தவர்", "வெளிநாட்டில் இருப்பவர்", "காரியத்துக்கு வராதவர்" என்றெல்லாம் ஒரு பிரிவும் கிடையாது. தேடிப் பாருங்க, இருக்காது.

பாஸ்போர்ட் மாறினாலும் இதேதான். சிங்கப்பூர் குடியுரிமை வாங்கி ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும் மகள் மகள்தான். இன்னொரு விஷயம் நிறைய பேருக்குத் தெரியாது. வெளிநாட்டில் வசிப்பவர் இந்தியாவில் விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது, ஆனால் வாரிசாக அடையலாம். விற்கும்போது மட்டும் இங்கே வசிப்பவருக்குத்தான் விற்கணும்.

அப்போ அப்பாவால் எதுவுமே செய்ய முடியாதா?

முடியும். உயில் எழுதலாம். தான் சம்பாதித்த சொத்தை இந்து ஒருவர் யாருக்கு வேண்டுமானாலும் எழுதி வைக்கலாம். பெற்ற பிள்ளைக்கு ஒரு ரூபாய்கூட வைக்காமல் பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதினாலும் செல்லும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன ஒரு கேரள வழக்கில், ஒன்பது பிள்ளைகள் உள்ள ஒருவர், சமூகத்துக்கு வெளியே திருமணம் செய்த ஒரு மகளை மட்டும் விட்டுவிட்டு உயில் எழுதியிருந்தார். மகளை ஒதுக்கியது நியாயமா என்பது கோர்ட் பார்க்கிற விஷயமில்லை, உயில் சட்டப்படி நிரூபிக்கப்பட்டதா என்பதுதான் கேள்வி. உயில் செல்லும் என்று முடிந்தது.

இது எல்லா ஊரிலும் இப்படி இல்லை. விழுப்புரத்துக்குப் பக்கத்திலேயே பாண்டிச்சேரி இருக்கு. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்களை நமக்குத் தெரியும். பிரெஞ்சுச் சட்டத்தில் பிள்ளைக்கென்று ஒரு பங்கு ஒதுக்கியே ஆகணும்: ஒரே பிள்ளை என்றால் பாதி, இருவர் என்றால் மூன்றில் இரண்டு, மூவர் அல்லது மேல் என்றால் நான்கில் மூன்று. உயிலால் அதைத் தொட முடியாது. இங்கிலாந்து ரெண்டுக்கும் நடுவே. அங்கே ஒரு பெண் 17 வயதில் வீட்டை விட்டுப் போனார். அம்மா 2004-இல் இறந்தபோது கிட்டத்தட்ட மொத்தச் சொத்தையும் விலங்கு, பறவை நலத் தொண்டு அமைப்புகளுக்கு எழுதி வைத்திருந்தார். மகள் வழக்குப் போட்டு, 2017-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 50,000 பவுண்டு என்று முடித்தது. பங்கு என்று தரவில்லை, பராமரிப்புக்கு நியாயமான தொகை என்றுதான் தந்தது. அதற்கு 1975-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அங்கே இருக்கு. ஒதுக்கப்பட்ட வயது வந்த பிள்ளை போய்க் கேட்க நம் வாரிசுச் சட்டத்தில் அப்படி ஒரு கதவு இல்லை.

முஸ்லிம் குடும்பம் என்றால் உயிலால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுத முடியாது, பிள்ளையை அடியோடு ஒதுக்க முடியாது. கிறிஸ்தவர்களுக்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம்: உயில் இல்லையென்றால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக, உயில் எழுதினால் இந்துவைப் போலவே முழு சுதந்திரம்.

ஆக, அப்பாவின் கோபம் பத்திரமாக மாறியிருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. அதைப் பார்க்க இரண்டு இடம்.

ஒன்று, வில்லங்கச் சான்று. அப்பா உயிரோடு இருக்கும்போதே செட்டில்மென்ட் எழுதியிருந்தாலோ கிரையம் செய்திருந்தாலோ ஈசியில் வந்துவிடும். பதிவுத்துறை இணையதளத்தில் சிங்கப்பூரிலிருந்தே சர்வே எண் போட்டுப் பார்க்கலாம். பட்டா, சிட்டாவும் அப்படியே. மூலப்பத்திரம் உங்ககிட்ட இல்லையென்றாலும் சர்வே எண் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. இந்தப் பெண்ணுக்குத் தெரியாது. அம்மா பழைய ட்ரங்க் பெட்டியில் 2003-ஆம் வருஷத்துக் கிஸ்தி ரசீது ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதில் இருந்தது.

இரண்டாவது இடம் முக்கியம். உயில் ஈசியில் வராது! பதிவு செய்த உயில்களைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மூன்றாம் புத்தகம் என்று தனியாக வைத்திருப்பார்கள். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவருடைய ஏஜெண்டுக்கோ மட்டும்தான் நகல். இறந்த பிறகு, இறப்புச் சான்றிதழோடு யார் மனுப் போட்டாலும் நகல் தரணும். "உயில் இருக்கு, ஆனா காட்ட மாட்டோம்" என்று சொந்தக்காரர் சொன்னால் அவரிடம் சண்டை போட வேண்டாம், விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் ஒவ்வொரு மனு போட்டுப் பாருங்க. உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை என்பதால் வெள்ளைத்தாள் உயில் பிறகு முளைக்கலாம். முளைத்தால், இரண்டு சாட்சிகள் கையெழுத்து இருக்கணும், அவர்களில் ஒருவராவது கோர்ட்டில் வந்து சொல்லணும். உயிலால் லாபம் அடைபவரே முன்னின்று எழுத வைத்தது, ஆஸ்பத்திரியில் நினைவு தப்பிய நேரத்தில் எழுதியது போன்ற சந்தேகங்கள் இருந்தால் அவற்றைத் தீர்க்க வேண்டிய பொறுப்பு உயிலைக் காட்டுபவருடையது.

இந்தக் கேஸில் இரண்டு இடத்திலும் ஒன்றும் இல்லை. விளம்பரத்துக்கு மேல் அப்பா எதையும் எழுதவில்லை. இதைச் சொன்னபோது அந்தப் பெண் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பணத்துக்காக இல்லை என்று நினைக்கிறேன்.

யாருக்கு எவ்வளவு?

இறந்த ஆணுக்கு முதல் வகுப்பு வாரிசுகள் மகன், மகள், மனைவி, அம்மா. (முன்பே இறந்த பிள்ளைகளின் பிள்ளைகளும் உண்டு, இங்கே அப்படி யாரும் இல்லை.) எல்லாருக்கும் சமப் பங்கு.

மனைவி யார்? விவாகரத்து ஆகவில்லை. 21 வருஷம் தனித்தனியாக இருந்தாலும் திண்டிவனத்து அம்மாதான் சட்டப்படி மனைவி. முதல் திருமணம் இருக்கும்போதே நடந்த இரண்டாவது திருமணம் செல்லாது, எனவே விழுப்புரத்து அம்மாவுக்கு வாரிசாகப் பங்கு இல்லை. அவர் நிலைமை பரிதாபம்தான். 20 வருஷம் சமைத்துப் போட்டவர். ஆனால் சட்டம் அப்படி. அவருடைய இரண்டு பிள்ளைகளுக்குப் பங்கு உண்டு. செல்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளைகளும் பெற்றோர் சொத்தில் உரிமையுள்ளவர்கள் என்று இந்துத் திருமணச் சட்டம் பிரிவு 16 சொல்கிறது. 2023 செப்டம்பரில் ரேவணசித்தப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகத் தெளிவுபடுத்தியது.

அப்புறம் பாட்டி. அப்பாவின் அம்மா உயிரோடு இருக்கிறார், வயது 80-க்கு மேல். அவரும் முதல் வகுப்பு வாரிசு. இதை நிறைய பேர் மறந்துடறாங்க.

ஆக ஐந்து பேர்: பாட்டி, அம்மா, இந்தப் பெண், விழுப்புரத்துப் பிள்ளைகள் இருவர். ஆளுக்கு ஐந்தில் ஒரு பங்கு.

இப்போ சித்தப்பாவுக்கு வாங்க. அண்ணன் சொத்தில் அவருக்கு நேரடியாக எந்த உரிமையும் கிடையாது. அந்த பிடிஎஃப்பைத் திறந்து பார்த்தால், விடுதலை எழுதச் சொன்னது பாட்டி பெயருக்கு! அம்மாவும் மகளும் கையெழுத்துப் போட்டால் பாட்டியின் பங்கு ஐந்தில் ஒன்றிலிருந்து ஐந்தில் மூன்றாகும். பாட்டி இருப்பது சித்தப்பா வீட்டில். நாளைக்கு அவர் யாருக்கு செட்டில்மென்ட் எழுதுவார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சித்தப்பா கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை, 20 வருஷமாகத் தன் அம்மாவைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான். ஆனால் "ஃபார்மாலிட்டி" என்ற வார்த்தை வந்தாலே பத்திரத்தில் யார் பெயருக்குப் போகுது என்ற வரியைத் தேடிப் படிங்க.

"பூர்வீகச் சொத்து" என்ற வார்த்தை

விழுப்புரத்து வீடு அப்பா 1998-இல் வாங்கியது. திண்டிவனம் பக்கத்தில் மல்லாட்டை போடுகிற ஒன்றரை ஏக்கர், தாத்தா வழி வந்தது. "பூர்வீகம் என்றால் எனக்குப் பிறப்பிலேயே உரிமை உண்டாமே?" என்று கேட்டார்.

நம்ம ஊரில் தாத்தா சொத்து எல்லாமே பூர்வீகம். சட்டத்தில் அப்படி இல்லை. தாத்தா சொந்தமாக வாங்கி, 1956-க்குப் பிறகு உயில் எழுதாமல் இறந்திருந்தால், அப்பாவுக்கு வந்த பங்கு அப்பாவின் தனிச் சொத்து. 1986-இல் சந்தர் சென் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. இந்த நிலம் அப்படித்தான். தாத்தா வாங்கியது, அவர் இறந்தது 1990, பிறகு பதிவு செய்த பாகப்பிரிவினையில் அப்பாவுக்கு வந்தது. எனவே வீட்டுக்கு என்ன கணக்கோ அதேதான்: ஐந்தில் ஒன்று.

உண்மையிலேயே கூட்டுக் குடும்பச் சொத்தாக, கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்து பங்காளிகளுக்குள் வந்திருந்தால் கணக்கு எவ்வளவு மாறும் பாருங்க. 2005 திருத்தத்துக்குப் பிறகு மகளும் மகனைப் போலப் பிறப்பிலேயே பங்காளி. அப்பா 2005-இல் உயிரோடு இருந்திருக்கணும் என்ற அவசியம்கூட இல்லை என்று 2020-இல் வினீதா சர்மா தீர்ப்பு. செல்லாத திருமணத்துப் பிள்ளைகள் பிறப்பால் பங்காளி ஆக மாட்டார்கள், அப்பாவின் பங்கில் மட்டும் வாரிசு. அப்போ முதலில் அப்பாவுக்குப் பாதி, மகளுக்குப் பாதி. பிறகு அப்பாவின் பாதி ஐந்து பேருக்கு, ஆளுக்குப் பத்து சதவீதம். மகளுக்கு மொத்தம் 60 சதவீதம்! உயில் எழுதினாலும் அப்பா தன் பாதியைத்தான் எழுத முடியும். ஒரே நிலம், வந்த வழி வேறு, 20-க்கும் 60-க்கும் வித்தியாசம். அதனால்தான் தாய்ப்பத்திரத்தைப் பார்க்காமல் யார் பங்கு சொன்னாலும் நம்பாதீங்க, நான் சொன்னாலும்.

பெண்களுக்கு அப்பாவின் தனிச் சொத்தில் உரிமை புதுசாக வந்தது என்று நினைக்கிறவர்களும் உண்டு. அருணாசல கவுண்டர் வழக்கு நம் தமிழ்நாட்டு வழக்குதான். 1949-இல் உயில் இல்லாமல் இறந்தவரின் தனிச் சொத்து அவருடைய ஒரே மகளுக்குத்தான், சகோதரர் மகனுக்கு இல்லை என்று 2022 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. 1956-க்கு முன்பே அந்த உரிமை இருந்திருக்கு. தீர்ப்பு வரத்தான் 73 வருஷம்.

காலம் ஓடுவது யாருக்கு?

வெளிநாட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. பொதுவாக ஒரு கூட்டுரிமையாளர் கையில் சொத்து இருந்தால் அது எல்லார் சார்பிலும் இருப்பதாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். வெறுமனே பட்டாவை அவர் பெயருக்கு மாற்றிக்கொண்டதால் உங்கள் பங்கு போகாது. ஆனால் "உனக்கு இதில் ஒன்றும் இல்லை" என்று வெளிப்படையாக உங்களை விலக்கிவிட்டு அனுபவித்து வந்தால், அது உங்களுக்குத் தெரிந்தும் நீங்கள் 12 வருஷம் சும்மா இருந்தால், பிறகு கேட்பது ரொம்பக் கஷ்டம். ஏமாற்றி எழுதி வாங்கிய பத்திரத்தை ரத்து செய்யணும் என்றால் இன்னும் குறைவு, விஷயம் தெரிந்ததிலிருந்து 3 வருஷம். சித்தப்பா அந்த வாட்ஸ்அப் அனுப்பிய தேதியைக் குறித்து வைக்கச் சொன்னேன். "உனக்கு உரிமை இல்லை" என்று எழுத்தில் சொன்ன தேதி அது.

"நான் வெளிநாட்டில் இருந்தேன், அந்தக் காலத்தைக் கழிக்க மாட்டாங்களா?" மாட்டாங்க. காலவரம்புச் சட்டத்தில் அப்படி ஒரு சலுகை உண்டு, ஆனால் பிரதிவாதி இந்தியாவில் இல்லாத காலத்துக்கு மட்டும். வழக்குப் போட வேண்டியவர் எங்கே இருந்தாலும் கடிகாரம் ஓடும்.

அப்பா உயிரோடு இருக்கும்போதே "எனக்கு எதுவும் வேண்டாம்" என்று விடுதலை எழுதிக் கொடுத்தவர்களும் நம்மில் உண்டு. அப்பாவின் தனிச் சொத்தில் அவர் இருக்கும்வரை உங்களுக்கு எதிர்பார்ப்புதான் உண்டு, உரிமை இல்லை. இல்லாததை விட்டுக்கொடுக்க முடியாது. அதனால் அந்தப் பத்திரம் பொதுவாகச் செல்லாது. ஆனால் அதற்குப் பதிலாகப் பணம் வாங்கியிருந்தால் கதை வேறு. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் முடித்த ஏழுமலை வழக்கு, அதுவும் தமிழ்நாட்டிலிருந்து போனதுதான். அப்பா இருக்கும்போது தொகை வாங்கிக்கொண்டு விடுதலை எழுதிய மகனுடைய பிள்ளைகளால் பிறகு பங்கு கேட்க முடியவில்லை.

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே நடக்கிற வேலை

முதலில் இறப்புச் சான்றிதழ். இறப்பு நடந்த இடத்தில்தான் பதிவாகும், வசித்த இடத்தில் இல்லை. விழுப்புரம் பக்கத்து ஆட்கள் நிறைய பேர் கடைசியில் ஜிப்மருக்குப் போவார்கள். அங்கே இறந்திருந்தால் பதிவு புதுச்சேரி உழவர்கரை நகராட்சியில் இருக்கும், விழுப்புரம் நகராட்சியில் தேடினால் கிடைக்காது. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி என்றால் தமிழ்நாட்டுப் பதிவு. இந்தப் பெண்ணின் உறவினர் ஒருவர் இரண்டு நாள் தப்பான ஆபீஸில் அலைந்தார்.

அடுத்து வாரிசுச் சான்றிதழ். அப்பா வசித்த விழுப்புரம் தாலுகாவில் இ-சேவை வழியாக மனு, விஏஓ, ஆர்ஐ விசாரணை, தாசில்தார் கையெழுத்து. பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதைக் கேட்டு விழுப்புரத்துக் குடும்பத்தை மட்டும் எழுதிவிட வாய்ப்பு அதிகம். திண்டிவனத்தில் ஒரு மனைவி இருப்பது அந்தத் தெருவுக்கே தெரியாமல் இருக்கலாம். அதனால் இவர்கள் காத்திருக்காமல் தாசில்தாருக்கு முன்கூட்டியே ஆட்சேபணை மனு கொடுத்தார்கள்: கல்யாணப் பத்திரிகை, பெண்ணின் பிறப்புச் சான்றிதழ், அப்பா பெயர் உள்ள பாஸ்போர்ட் நகல். தகராறு என்றால் தாசில்தார் கோர்ட்டுக்குப் போகச் சொல்லலாம். பரவாயில்லை, தப்பான சான்றிதழ் வருவதைவிட அது மேல். ஒன்று ஞாபகம் வைங்க: வாரிசுச் சான்றிதழ் சொத்துரிமைப் பத்திரம் இல்லை. அதில் பெயர் விட்டுப்போனால் பங்கு போய்விடாது. ஆனால் அதை வைத்துத்தான் வங்கி, பட்டா எல்லாம் நடக்கும்.

பாகப்பிரிவினை வழக்கு வரை போனால் சொத்து இருக்கும் இடத்துக் கோர்ட். கூட்டு அனுபவத்தில் இருப்பதாகச் சொன்னால் சிறு நிலையான கட்டணம், விலக்கி வைக்கப்பட்டவர் என்றால் உங்கள் பங்கின் மதிப்பில் 3 சதவீதம். 2017-க்கு முன் இது 7.5 சதவீதம்.

நீங்கள் வர முடியாவிட்டால் பவர் கொடுக்கலாம். அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு, இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளரிடம் முத்திரைத் தீர்வை கட்டணும். இந்த மூன்று மாதத்தைத் தவறவிட்டு மறுபடி தூதரகம் போனவர்களை எனக்குத் தெரியும். அப்புறம், பவரில் "விற்கவும் விடுதலை செய்யவும்" என்ற வார்த்தை வேண்டுமா என்று யோசிங்க. மனுப் போட, ஆவணம் வாங்க, வழக்கு நடத்த மட்டும் கொடுத்தால் போதும்.

வங்கி டெபாசிட்டில் நாமினி விழுப்புரத்து அம்மா. பணம் அவர் கைக்குப் போய்விட்டது. நாமினி என்பவர் வாங்கி வைத்திருப்பவர்தான், உரிமையாளர் இல்லை. வங்கிக் கணக்குக்கு 2010-இலும் பங்குகளுக்கு 2023 டிசம்பரிலும் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. வங்கி யாருக்குக் கொடுத்தாலும் ஐந்து பேருக்கும் அதில் பங்கு உண்டு. ஆயுள் காப்பீடு மட்டும் விதிவிலக்கு: 2015 திருத்தத்துக்குப் பிறகு பெற்றோர், மனைவி அல்லது கணவன், பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே சொந்தம்.

வரிக் கணக்கு

என் வேலை இதுதான், ஆனால் இது சுருக்கம். வாரிசாகச் சொத்து வருவதற்கு இந்தியாவில் வரி இல்லை. எஸ்டேட் டியூட்டி 1985-இலேயே போய்விட்டது. விற்கும்போதுதான் வரி.

விழுப்புரத்து வீடு 50 லட்சத்துக்குப் போகிறது என்று வைப்போம். இவர் பங்கு 10 லட்சம். அப்பா 2001-க்கு முன் வாங்கியதால் 2001 ஏப்ரல் 1 அன்றிருந்த மதிப்பை அடக்கமாக எடுக்கலாம், அன்றைய வழிகாட்டி மதிப்புக்கு மேல் போகாமல். அது 3 லட்சம் என்றால் இவர் பங்குக்கு 60,000. லாபம் 9,40,000. 12.5 சதவீதம், செஸ் சேர்த்து 1,22,200 ரூபாய் வரி. பழையபடி பணவீக்கக் குறியீடு சேர்த்து 20 சதவீதம் கட்டும் வாய்ப்பு இந்தியாவில் வசிப்பவர்களுக்கு மட்டும்தான். அதில் இவருக்கு நஷ்டமா என்று போட்டுப் பார்த்தேன். 2025-26 குறியீடு 376. அடக்கம் 2,25,600 ஆகி, செஸ் இல்லாமலேயே வரி 1,54,880 வருது. ஆக இந்த வீட்டுக்கு 12.5 சதவீதமே மேல். 2026 ஏப்ரலிலிருந்து புதிய வருமான வரிச் சட்டம் வருவதால் பிரிவு எண்கள் மாறும், அதனால் எண்களை நான் எழுதவில்லை.

டிடிஎஸ்ஸில்தான் சிக்கல். வாங்குபவர் எல்லாருக்கும் ஒரே மாதிரி 1 சதவீதம் பிடித்தால் போதும் என்று நினைப்பார். வெளிநாட்டில் வசிக்கும் பங்குதாரருக்கு அந்த விதி கிடையாது, அவர் பங்கு 50 லட்சத்துக்குக் கீழே இருந்தாலும் முழு விகிதத்தில் பிடிக்கணும். லாபத்துக்கு மட்டும் பிடிக்க வேண்டும் என்றால் முன்கூட்டியே வரித்துறையிடம் குறைந்த விகிதச் சான்றிதழ் வாங்கணும். கிரையத் தேதி குறிப்பதற்கு முன்பே இதை ஆரம்பிங்க.

மல்லாட்டை நிலத்துக்கு வேறு கணக்கு. நகராட்சி எல்லையிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்கு அப்பால் உள்ள விவசாய நிலத்தை விற்றால் மூலதன ஆதாய வரியே இல்லை. மக்கள்தொகை 10,000-க்கு மேல் ஒரு லட்சம் வரை உள்ள ஊருக்கு அந்தத் தூரம் 2 கிலோமீட்டர், நேர்க்கோட்டில். 2011 கணக்கெடுப்பில் திண்டிவனம், விழுப்புரம் இரண்டு நகராட்சியும் ஒரு லட்சத்துக்குக் கீழ்தான். புதுக் கணக்கெடுப்பு எண்கள் வெளியாகி விழுப்புரம் லட்சத்தைத் தாண்டினால் அங்கே 6 கிலோமீட்டராகும். நிலம் விற்கும் எண்ணம் இருப்பவர்கள் கவனிங்க.

விற்ற பணம் உங்கள் என்ஆர்ஓ கணக்குக்கு வரணும். அங்கிருந்து ஒரு நிதியாண்டில் 10 லட்சம் டாலர் வரை வெளியே அனுப்பலாம். வாரிசு ஆவணங்களும் ஆடிட்டர் சான்றிதழும் வங்கி கேட்கும். சிங்கப்பூரில் வாரிசு வரி 2008-இலிருந்து இல்லை. அமெரிக்காவில் இருப்பவர்கள் ஒரு வருஷத்தில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் இப்படிப் பெற்றால் 3520 என்ற படிவம் தரணும். வரி இல்லை, ஆனால் தராவிட்டால் அபராதம் பெரிது.

அவர் என்ன செய்தார்?

"எனக்கு வேண்டாம்" என்பதில் இன்னும் உறுதியாகத்தான் இருக்கிறார். அதற்கும் வழி உண்டு. விட்டுக்கொடுப்பது என்றால் யாருக்கு என்று தேர்ந்தெடுக்கலாம். தன் ஐந்தில் ஒரு பங்கை அம்மா பெயருக்கு எழுதப் போகிறார். அம்மாவின் சொந்தப் பங்கோடு சேர்த்தால் ஐந்தில் இரண்டு. 21 வருஷம் வாடகை கொடுத்தவருக்கு ஒரு சின்ன வீட்டுக்கான பணம் அது. விழுப்புரத்துப் பிள்ளைகளில் பெரியவன் கல்லூரியில் படிக்கிறான். இன்ஸ்டாகிராமில் தேடிப் பிடித்து இவரே அவனிடம் பேசியிருக்கிறார். வாரிசுச் சான்றிதழில் ஐந்து பெயரும் வரணும் என்பதில் இரண்டு பேருக்கும் சண்டை இல்லை. தாசில்தார் விசாரணை இன்னும் முடியவில்லை.

சித்தப்பாவுக்கு ஒரு வரி பதில் போயிருக்கு: "தாய்ப்பத்திர நகல் அனுப்புங்க சித்தப்பா, பார்த்துட்டுச் சொல்றேன்." நகல் இன்னும் வரவில்லை. பரவாயில்லை, பதிவு அலுவலகத்தில் மனு போட்டாச்சு.

ஈசி, பட்டாவை வெளிநாட்டிலிருந்து எப்படிப் பார்ப்பது என்று அடுத்த வீடியோவில் ஸ்க்ரீனில் காட்டுறேன். உங்கள் கேள்வியை எழுதும்போது நாலு விவரம் மட்டும் சேர்த்து எழுதுங்க: இறந்தவர் எந்த வருஷம் இறந்தார், உயில் உண்டா, சொத்து அவருக்கு எந்த வழியில் எப்போது வந்தது, இப்போது யார் அனுபவத்தில் இருக்கு. பெயரும் சர்வே எண்ணும் கமெண்டில் போட வேண்டாம்.